போக்கர் டிராக்கர் டேட்டாவை பேக்கப் எடுப்பதும் மீட்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் போக்கர் ஆடும் நண்பர்களுக்கு டிராக்கர் (ஆடிய ஆட்டங்களைப் பதிந்து புள்ளிவிவரமாகக் காட்டும் நிரல்) அமைத்துக் கொடுக்கும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் கணினி மாற்றும் அன்றோ, டிஸ்க் போன மறுநாளோதான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து, பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன். போக்கர்டிராக்கர் 4, ஹோல்டெம் மேனேஜர் 3 இரண்டும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் மேல்தான் ஓடுகின்றன. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும். ஹேண்ட்2நோட் என்ற இன்னொரு டிராக்கர் தன் சொந்த வடிவத்தில் சேமிப்பதால் போஸ்ட்கிரெஸ் பற்றிய பதில்கள் அதற்குப் பொருந்தாது.

1. டிராக்கர்ல இருக்கிற டேட்டான்னா எது? எல்லாம் ஒரே ஃபைல்லதானே இருக்கும்?

இல்லை, நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. முதலாவது, போக்கர் தளம் உங்கள் கணினியில் எழுதும் ஹேண்ட் ஹிஸ்டரி ஃபைல்கள் (சீட்டுப் போட்டது முதல் பணம் ஒருவருக்குப் போகும்வரை உள்ள ஒரு சுற்றுதான் ஒரு ஹேண்ட்). இவை வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள். ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் ஹேண்ட் எண், ஆட்ட வகை, பிளைண்ட் (சீட்டுப் போடும் முன் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) அளவு, தேதி, நேரம் இருக்கும். அடுத்து மேசையின் பெயர், பட்டன் (டீலர் அடையாளம்) எந்த இருக்கையில் என்பது, ஒவ்வொரு இருக்கையிலும் யார், எவ்வளவு சிப்ஸுடன் உட்கார்ந்திருக்கிறார் என்பது. பிறகு உங்கள் சீட்டு, யார் ஃபோல்ட், யார் ரெய்ஸ், ஃப்ளாப், டர்ன், ரிவர், கடைசியில் பாட் (மேசையில் சேர்ந்த மொத்தப் பந்தயம்) யாருக்குப் போனது என்ற சுருக்கம். நீங்கள் ஆடியதற்கான மூலப் பதிவு இதுதான்.

இரண்டாவது, டிராக்கர் அந்த டெக்ஸ்டைப் படித்து அட்டவணைகளாக மாற்றி வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். மூன்றாவது, எதிராளிகளைப் பற்றி நீங்கள் எழுதிய நோட்ஸ். இதில் டிராக்கருக்குள் எழுதியது டேட்டாபேஸில் இருக்கும், தளத்தின் மேசையில் எழுதியது தளத்தின் ஃபோல்டரில் இருக்கும். நான்காவது, ஹட் (ஆடும்போதே மேசை மேல் எதிராளிகளின் புள்ளிகளைக் காட்டும் வசதி) அமைப்புகள், நீங்களாக உருவாக்கிய புள்ளிகள், ரிப்போர்ட்கள். இவை டிராக்கரின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் இருக்கும். டேட்டாபேஸை மட்டும் மீட்டவர் "ஹேண்ட் எல்லாம் வந்துடுச்சு, ஹட் மட்டும் பழைய மாதிரி இல்ல" என்று சொல்வது இந்த நான்காவதை விட்டுவிட்டதால்தான்.

2. டேட்டாபேஸ், ஹேண்ட் ஹிஸ்டரி, ரெண்டுல ஒண்ணை வச்சிருந்தா போதாதா?

ஒன்றைத்தான் வைக்க முடியும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் ஹேண்ட் ஹிஸ்டரியைத்தான் எடுப்பேன். அதிலிருந்து டேட்டாபேஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டலாம். எந்த டிராக்கருக்கும் மாறலாம். டெக்ஸ்ட் என்பதால் ஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கும்.

ஆனால் மறுபடி கட்டும்போது சில விஷயங்கள் வராது. டிராக்கருக்குள் எழுதிய நோட்ஸ், குறி வைத்த ஹேண்ட்கள், எதிராளிக்கு நீங்கள் கையால் ஒட்டிய அடையாளங்கள், டோர்னமென்டில் எத்தனையாவது இடம் என்று கையால் திருத்தியது எல்லாம் டெக்ஸ்ட் ஃபைலில் கிடையாது. பெரிய தொகுப்பை மறுபடி இம்போர்ட் செய்ய மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு நாளே போகும். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் சரி. டேட்டாபேஸ் பேக்கப் இருந்தால் சீக்கிரம் எழுந்து உட்காரலாம். அதுவே கெட்டுப்போனால் தாங்குவதற்கு ஹேண்ட் ஹிஸ்டரி இருக்கும்.

3. ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஹேண்ட்ஸ் எதுக்கு? என் ஆட்டமே மாறிப்போச்சே?

எதிராளிகளைப் பற்றிய பழைய எண்களுக்கு மதிப்புக் குறைகிறது என்பது உண்மை. உங்கள் சொந்தக் கணக்குக்கு அப்படி இல்லை. நோ லிமிட் ஹோல்டெமில் 100 ஹேண்டுக்கான திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருப்பது சாதாரணம். 90 என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் ஹேண்ட் என்பது 100 ஹேண்ட் கொண்ட 1,000 தொகுதிகள். 1,000-ன் வர்க்கமூலம் ஏறக்குறைய 31.6. 90-ஐ அதனால் வகுத்தால் 2.85 வருகிறது, 95 சதவீத நம்பிக்கைக்கு அதன் சுமார் இரண்டு மடங்கை எடுக்க வேண்டும். அதாவது 1 லட்சம் ஹேண்ட் ஆடிய பிறகும் உங்கள் வெற்றி விகிதம் 100 ஹேண்டுக்கு 5.7 பிக் பிளைண்ட் மேலேயோ கீழேயோ தள்ளி இருக்க இடமுண்டு, அதுவும் 95 சதவீத நம்பிக்கையில்தான்.

3 பிக் பிளைண்ட் லாபத்தில் இருப்பதாகத் தெரியும் ஒருவர், உண்மையில் நஷ்டத்தில் ஆடுபவராகக்கூட இருக்கலாம் என்று அர்த்தம். பிக் பிளைண்ட் இருக்கையில் இருந்து 3-பெட் (ரெய்ஸுக்கு மேல் மறுபடி ரெய்ஸ்) பாட் ஆடும் விதம் போன்ற அபூர்வமான சூழல்களுக்கு இன்னும் அதிக ஹேண்ட் தேவை. பதிவை இழப்பவர் தன் ஆட்டத்தைப் பற்றி நிதானமாகப் பேசக்கூடிய ஒரே ஆதாரத்தை இழக்கிறார். இதனால்தான் பேக்கப் விஷயத்தில் நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

4. போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி வெளி டிஸ்க்ல போட்டுட்டேன். பேக்கப் ஆயிடுச்சா?

போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்திருந்தால், அதை நம்ப வேண்டாம். அந்த டேட்டா ஃபோல்டருக்குள் போனால் 'பேஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் வெறும் எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்களும், அவற்றுக்குள் மறுபடி எண்களே பெயராக இருக்கும் ஃபைல்களும் கிடக்கும். எந்த எண் எந்த அட்டவணை என்பது போஸ்ட்கிரெஸுக்கு மட்டும்தான் தெரியும். ஓடும்போது அதில் சில மாற்றங்கள் நினைவகத்தில் இருக்கும், சில டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் எடுத்த காப்பியில் ஒரு ஃபைல் பத்து மணி நிலையிலும் இன்னொன்று பத்தே கால் நிலையிலும் இருக்கும். சில சமயம் அது திறக்கவும் செய்யும், பிறகு ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் போய் உடையும். அதுதான் இதில் மோசமான ஆபத்து.

விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் போஸ்ட்கிரெஸை நிறுத்திவிட்டு முழு ஃபோல்டரையும் காப்பி செய்தால் அது முறையான நகல்தான். ஆனால் அதே பிரதானப் பதிப்பு போஸ்ட்கிரெஸில் மட்டுமே திறக்கும். 12-ல் எடுத்த ஃபோல்டரை 16-க்குக் கீழே வைத்தால் அது கிளம்பவே மறுக்கும். விண்டோஸ் ஏறவில்லை, டிஸ்க் மட்டும் படிக்க முடிகிறது என்ற நிலையில் இந்த வழிதான் கை கொடுக்கும். அன்றாட பேக்கப்புக்கு அடுத்த கேள்வியில் சொல்வதே நல்லது.

5. சரி, அப்ப முறையா எப்படி எடுக்கிறது?

போஸ்ட்கிரெஸுடன் பிஜி டம்ப் என்ற கருவி வருகிறது. அது டேட்டாபேஸுக்குள் இருப்பதை எல்லாம் படித்து ஒரே ஃபைலாக எழுதித் தரும். கட்டளை அடிப்பது பிடிக்காதவர்கள் பிஜி அட்மின் என்ற திரைவழி நிரலைப் பயன்படுத்தலாம். இடது பக்க மரத்தில் உங்கள் டேட்டாபேஸின் பெயர் மேல் வலது கிளிக் செய்து 'பேக்கப்' தேர்ந்தெடுங்கள். வடிவம் என்ற இடத்தில் 'கஸ்டம்' வையுங்கள். அது தானாகவே சுருக்கி எழுதும், மீட்கும்போது வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கவும் விடும். போஸ்ட்கிரெஸ் கருவிகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டச் சொல்லி முதல் தடவை பிஜி அட்மின் முரண்டு பிடிக்கும். அதன் அமைப்புகளில் 'பைனரி பாத்' என்ற இடத்தில் போஸ்ட்கிரெஸின் 'பின்' ஃபோல்டரைக் காட்டினால் அடங்கிவிடும்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது தேதி, டிராக்கரின் பதிப்பு, போஸ்ட்கிரெஸ் பதிப்பு மூன்றையும் பெயரிலேயே எழுதுங்கள். 'பேக்கப் புதுசு', 'பேக்கப் கடைசி' என்று பெயர் வைத்தால் ஒரு வருடம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. இதோடு ஹேண்ட் ஹிஸ்டரி ஃபோல்டர், தளத்தின் நோட்ஸ் ஃபைல், டிராக்கரின் செட்டிங்ஸ் ஃபோல்டர் மூன்றையும் சேர்த்து எடுத்தால் கேள்வி 1-ல் சொன்ன நான்கும் முடிந்தது.

6. ஹேண்ட் ஹிஸ்டரி ஃபோல்டரைத் தேடினா காலியா இருக்கு. எங்க போச்சு?

மூன்று காரணங்கள் இருக்கலாம். டிராக்கர் ஒரு ஃபைலைப் படித்து முடித்ததும் அதைத் தன் சொந்தக் காப்பக ஃபோல்டருக்கு நகர்த்தும்படி அமைத்திருக்கலாம். போக்கர்டிராக்கரில் அதற்கு 'பிராசஸ்டு' என்று பெயர். உண்மையான புதையல் அங்கேதான் இருக்கும், பேக்கப்பில் அதைத்தான் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் தளத்தின் அமைப்பில் ஹேண்ட் ஹிஸ்டரி சேமிக்கும் பெட்டியில் டிக் இல்லாமல் இருக்கலாம். போக்கர்ஸ்டார்ஸில் இதைச் சேமிக்கச் சொல்லும் இடத்திலேயே, எத்தனை நாளுக்கு வைத்திருப்பது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டோர்னமென்ட் சுருக்கங்களுக்குத் தனியாக ஒரு பெட்டி உண்டு. அதையும் போடாவிட்டால், மறுபடி இம்போர்ட் செய்யும்போது பரிசுத் தொகை சரியாக வராது.

மூன்றாவது, தளமே எழுதாமல் இருப்பது. 2019 ஜூனில் பார்ட்டிபோக்கர் ஹட் பயன்பாட்டைத் தடை செய்தபோது, கணினியில் ஹேண்ட் ஹிஸ்டரி எழுதுவதையும் நிறுத்தியது. ஜிஜிபோக்கரில் போக்கர்கிராஃப்ட் பகுதிக்குப் போய் நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும், அங்கே பழைய ஆட்டங்கள் என்றென்றைக்கும் காத்திருக்காது. இப்படிப்பட்ட தளத்தில் ஆடுபவர் வாராவாரம் இறக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளட்டும். தளத்தின் விதி எந்த நாளும் மாறலாம், உங்கள் டிஸ்க்கில் இருப்பது மட்டும்தான் உங்களுடையது.

7. மேசையில உக்காந்து ஆடிக்கிட்டிருக்கும்போதே பேக்கப் ஓட விடலாமா?

சரியாக வருமா என்று கேட்டால், வரும். பிஜி டம்ப் தொடங்கிய நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அந்த நிலையைத்தான் எழுதும். அதற்குப் பிறகு வந்த ஹேண்ட்கள் அதில் கலக்காது. கேள்வி 4-ல் சொன்ன குழப்பம் இதில் இல்லை.

ஆனால் டிஸ்க்குக்கு வேலை அதிகமாகும். ஹட் தாமதமாக வரும், நான்கு மேசை திறந்து வைத்திருப்பவருக்கு அது எரிச்சல். ஆடி முடித்த பிறகு ஓட விடுங்கள்.

8. டேட்டாபேஸ் 40 ஜிபின்னு காட்டுது, பேக்கப் ஃபைல் 6 ஜிபிதான். ஏதாவது விட்டுப்போச்சா?

விட்டுப்போகவில்லை. டேட்டாபேஸில் பெரிய இடத்தைப் பிடிப்பது தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ்கள். டம்ப் அவற்றை எழுதுவதில்லை, 'இந்த இடத்தில் இப்படி ஒரு இன்டெக்ஸ் கட்டு' என்ற குறிப்பை மட்டும் எழுதுகிறது. அழித்த, திருத்திய வரிசைகள் விட்டுச்சென்ற காலி இடமும் டம்பில் வராது. மீதியும் சுருக்கப்படுகிறது. மீட்கும்போது இன்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதால்தான் எடுப்பதைவிட மீட்பதற்கு அதிக நேரம் ஆகிறது. பாதியில் நின்றுவிட்டதோ என்று பயந்து மூடிவிடாதீர்கள்.

முந்தைய பேக்கப் 6 ஜிபி, இந்த வாரம் 2 ஜிபி என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். வெளி டிஸ்க் பழைய ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் பயன்படுத்துங்கள்.

9. எத்தனை நாளைக்கு ஒருதடவை எடுக்கணும்? எங்க வைக்கணும்?

எத்தனை நாள் வேலையை மறுபடி செய்யச் சலிக்காமல் இருப்பீர்களோ அத்தனை நாளுக்கு ஒருமுறை. ஹேண்ட் ஹிஸ்டரி தினமும் தானாக வேறொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தால், டேட்டாபேஸ் டம்ப் வாரம் ஒன்று எடுத்தாலே போதும். நடுவில் விட்டதை இம்போர்ட் செய்து பிடித்துவிடலாம். நோட்ஸ் நிறைய எழுதுபவர் மட்டும் அடிக்கடி எடுக்க வேண்டும். அந்த நோட்ஸ் வேறெங்கும் இல்லை. டிராக்கரையோ போஸ்ட்கிரெஸையோ புதுப்பிக்கும் முன் கட்டாயம் ஒன்று எடுங்கள்.

வைக்கும் இடத்துக்கு, கணினித் துறையில் எல்லோரும் சொல்லும் 3-2-1 விதி போதும்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் இருப்பது ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். ரான்சம்வேர் புகுந்தால் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பூட்டிவிடும். அதே டிஸ்க்கின் டி பிரிவில் வைத்த பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

10. டேட்டாபேஸையே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள வச்சிட்டா எல்லாம் தானா நடக்குமே?

வேண்டவே வேண்டாம். கேள்வி 4-ல் சொன்ன அதே சிக்கல்தான், இங்கே நாள் முழுக்க நடக்கும். ஒத்திசைவு நிரல் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாக வெவ்வேறு நேரத்தில் ஏற்றும். போஸ்ட்கிரெஸ் எழுதப் போகும் நேரத்தில் ஃபைலைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒத்திசைவு என்பது பேக்கப் அல்ல. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். அழித்ததை மீட்கச் சில நாள் அவகாசம் தருகிறார்கள், அதற்குள் நீங்கள் கவனிக்க வேண்டும். முடிந்த டம்ப் ஃபைலை கிளவுடில் போடுவது முற்றிலும் சரி, ஹேண்ட் ஹிஸ்டரி காப்பகத்தைப் போடுவதும் சரி. உயிரோடு ஓடும் டேட்டாபேஸை மட்டும் போடாதீர்கள்.

11. எடுத்த பேக்கப் நல்லா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மீட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிஜி அட்மினில் 'சோதனை' என்று புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கி, அதற்குள் பேக்கப்பை ரீஸ்டோர் செய்யுங்கள். உங்கள் அசல் டேட்டாபேஸை இது தொடாது. பிறகு டிராக்கரில் அந்தச் சோதனை டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்துத் திறந்து, அசலோடு ஒப்பிடுங்கள்.

நான் பார்ப்பது இவை: மொத்த ஹேண்ட் எண்ணிக்கை, மிகப் பழைய ஹேண்டின் தேதி, மிகப் புதிய ஹேண்டின் தேதி, மொத்த லாப நஷ்டம், உங்கள் விபிஐபி (தானாக முன்வந்து பணம் போட்ட ஹேண்ட்களின் சதவீதம்), பிஎஃப்ஆர் (ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்த சதவீதம்). பிறகு ஞாபகத்தில் இருக்கும் ஒரு பெரிய பாட்டை ரீப்ளேயரில் ஓட்டிப் பார்க்கிறேன், ஒரு எதிராளியின் நோட்டைத் திறந்து பார்க்கிறேன். எல்லாம் அசலோடு எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும். 'கிட்டத்தட்ட' என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். பேக்கப் எடுத்த பிறகு ஆடிய ஹேண்ட்கள் மட்டும்தான் வித்தியாசமாக இருக்கலாம். முடிந்ததும் சோதனை டேட்டாபேஸை அழித்துவிடுங்கள், அழிக்கும் முன் பெயரை இரண்டு தரம் பாருங்கள். ஃபைலை டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றும்போது ஷா-256 எண்ணை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) இரு பக்கமும் ஒப்பிட்டால் காப்பி சிதைந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

12. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. எதுக்கப்புறம் எதைச் செய்யணும்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாக வருகிறது. பழைய கணினியில் கடைசி ஆட்டம் இம்போர்ட் ஆனதை உறுதி செய்து, கேள்வி 5-ல் சொன்னபடி எல்லாவற்றையும் எடுங்கள். உரிமக் குறியீடு, போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல் இரண்டையும் எழுதி வையுங்கள். புதிய கணினியில் முதலில் போக்கர் தளத்தின் நிரலைப் போட்டு ஹேண்ட் ஹிஸ்டரி சேமிப்பதை இயக்குங்கள். பிறகு டிராக்கரைப் போடுங்கள், போஸ்ட்கிரெஸும் கூடவே வரும். டிராக்கர் ஒருமுறை சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ஹட் அமைப்புகளையும் ரிப்போர்ட்களையும் பழைய இடத்தில் வையுங்கள். அப்புறம் காலி டேட்டாபேஸ் உருவாக்கி அதில் ரீஸ்டோர் செய்து, டிராக்கரில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி 11-ல் சொன்ன ஒப்பீட்டை முடிக்கும்வரை பழைய கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். விற்பதற்கோ கொடுப்பதற்கோ அவசரம் இருந்தால், குறைந்தது அந்த டிஸ்க்கையாவது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

13. ரீஸ்டோர் கொடுத்தா சிவப்பு எழுத்துல நிறைய எர்ரர் வருது. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் 'இந்த அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது' என்றுதான் இருக்கும். டிராக்கர் தன் முதல் ஓட்டத்தில் உருவாக்கிய டேட்டாபேஸுக்குள்ளேயே ரீஸ்டோர் செய்யப் பார்த்திருக்கிறீர்கள். அதில் அட்டவணைகள் முன்பே இருப்பதால் மோதுகிறது. உண்மையிலேயே காலியான டேட்டாபேஸை பிஜி அட்மின் வழியாக உருவாக்கி, அதற்குள் செய்யுங்கள்.

ஃபைலின் தலைப்பில் உள்ள பதிப்பு ஆதரிக்கப்படவில்லை என்று வந்தால், புதிய போஸ்ட்கிரெஸில் எடுத்ததை பழைய கருவியால் திறக்கப் பார்க்கிறீர்கள். பழையதிலிருந்து புதியதற்குப் போவது எளிது, எதிர்த்திசையில் உத்தரவாதம் இல்லை. புதிய கணினியில் அதே பதிப்போ அதைவிடப் புதியதோ போடுங்கள். டிராக்கருக்கும் இதே விதிதான். புதிய டிராக்கர் பழைய டேட்டாபேஸைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், பழைய டிராக்கர் புதியதைப் புரிந்துகொள்ளாது. பயனர் பெயர் இல்லை என்ற எர்ரர் வந்தால், உரிமையாளர் விவரத்தைத் தவிர்க்கும் தேர்வை ரீஸ்டோர் திரையில் டிக் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

14. எர்ரர் எதுவும் வரல, ஆனா டிராக்கரைத் திறந்தா ஒரு ஹேண்டுகூட இல்ல!

பதற வேண்டாம், டேட்டா அநேகமாக அங்கேயே இருக்கிறது. முதலில் டிராக்கர் எந்த டேட்டாபேஸைத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். புதிதாக நிறுவியபோது உருவான காலி டேட்டாபேஸையே அது பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்து, மேலே தேர்ந்தெடுத்திருக்கும் வீரர் பெயர் உங்களுடையதா என்று பாருங்கள். அதற்கடுத்து ஃபில்டர். 'இன்று' என்று தேதி ஃபில்டர் இருந்தால் மூன்று வருட ஹேண்ட்களும் கண்ணுக்குத் தெரியாது. கேஷ் பக்கத்தில் நின்றுகொண்டு டோர்னமென்ட் ஹேண்டைத் தேடுபவர்களும் உண்டு.

ஒரு கணினியில் இரண்டு போஸ்ட்கிரெஸ் பதிப்புகள் இருப்பதும் நடக்கும். ஒன்று வழக்கமான 5432 போர்ட்டிலும் அடுத்தது 5433-லும் ஓடும். நீங்கள் ஒன்றில் மீட்டிருப்பீர்கள், டிராக்கர் இன்னொன்றோடு பேசிக்கொண்டிருக்கும். இணைப்பு அமைப்பில் போர்ட் எண்ணை மாற்றினால் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

15. ரீஸ்டோருக்கு அப்புறம் எல்லாமே ஸ்லோ ஆயிடுச்சே?

எந்த அட்டவணையில் எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் போஸ்ட்கிரெஸ் தேடும் வழியைத் தீர்மானிக்கிறது. மீட்ட டேட்டாபேஸில் அது இன்னும் இருக்காது. டிராக்கரின் பராமரிப்புப் பகுதியில், போக்கர்டிராக்கரில் அதன் பெயர் ஹவுஸ்கீப்பிங், அனலைஸ் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

16. ஏற்கெனவே இருக்கிற ஹேண்ட்ஸை மறுபடி இம்போர்ட் பண்ணா ரெட்டிப்பாயிடுமா?

ஆகாது. ஒவ்வொரு ஹேண்டுக்கும் தளம் தனி எண் கொடுக்கிறது. டிராக்கர் அந்த எண்ணைப் பார்த்து, இருந்தால் டூப்ளிகேட் என்று தள்ளிவிடும். அதனால் எந்தத் தேதிவரை பேக்கப்பில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், தாராளமாகக் கொஞ்சம் பின்னாலிருந்தே இம்போர்ட் செய்யுங்கள்.

இரண்டு கணினிகளில் ஆடுபவர்கள் டேட்டாபேஸ்களை இணைக்க வழி கேட்பார்கள். அதற்கும் பதில் இதுதான். இரண்டு டம்ப்களை ஒரே டேட்டாபேஸில் ஊற்ற முடியாது, கேள்வி 13-ல் சொன்ன மோதல் வரும். ஒரு கணினியின் டேட்டாபேஸை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்றதன் ஹேண்ட் ஹிஸ்டரியை அதில் இம்போர்ட் செய்யுங்கள். மற்றதில் எழுதிய நோட்ஸ் இப்படி வராது, எனவே நோட்ஸ் எழுதுவதை ஒரே கணினியில் வைத்துக்கொள்வது நல்லது. போக்கர்டிராக்கரிலிருந்து ஹோல்டெம் மேனேஜருக்கு மாறுவதும் அப்படியே. இரண்டும் போஸ்ட்கிரெஸ் என்றாலும் அட்டவணை அமைப்பு வேறு. ஹேண்ட்களை எக்ஸ்போர்ட் செய்து, அல்லது மூல ஃபைல்களை வைத்து, அங்கே புதிதாகக் கட்ட வேண்டும்.

17. ராத்திரி ஆடின செஷன் அடுத்த நாள் கணக்குல காட்டுது. டேட்டா கெட்டுப்போச்சா?

கெடவில்லை, நேர மண்டலம் மாறியிருக்கிறது. போக்கர்ஸ்டார்ஸ் ஃபைல்களில் அமெரிக்கக் கிழக்கு நேரமும் இருக்கும், சில தளங்கள் வேறு நேரத்தில் எழுதும். டிராக்கர் அதை உங்கள் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. புதிய கணினியில் விண்டோஸின் நேர மண்டலமோ, டிராக்கரில் அந்தத் தளத்துக்கான நேர அமைப்போ வேறாக இருந்தால் செஷன்கள் நகர்ந்து தெரியும். பெரிய தொகுப்பை இம்போர்ட் செய்வதற்கு முன்பே, ஒரே ஒரு ஃபைலை இம்போர்ட் செய்து நேரம் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

18. டிஸ்க் செத்துப்போச்சு. பேக்கப்பே எடுத்ததில்ல. எல்லாம் போச்சா?

உடனே முடிவுக்கு வராதீர்கள். டிஸ்க் படிக்க முடிகிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் வேறு கணினியில் செருகி, ஹேண்ட் ஹிஸ்டரி, டிராக்கரின் காப்பக ஃபோல்டர், போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபோல்டர் மூன்றையும் முதலில் காப்பி செய்யுங்கள். பிறகு கேள்வி 4-ன் கடைசியில் சொன்ன வழி இருக்கிறது. தவறுதலாக அழித்தது என்றால், அந்த டிஸ்க்கில் எதையும் புதிதாக எழுதாமல் கணினியை நிறுத்துங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மீட்பு மென்பொருள் பலன் தரலாம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை ட்ரிம் என்ற வசதி சீக்கிரமே துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு.

அதுவும் இல்லையென்றால் தளத்திடம் கேளுங்கள். போக்கர்ஸ்டார்ஸ் நிரலுக்குள்ளிருந்தே பழைய ஹேண்ட்களை மின்னஞ்சலுக்கு அனுப்பக் கோரலாம். வேறு தளமாக இருந்தால் வாடிக்கையாளர் உதவிக்கு எழுதி, எந்தக் காலத்தின் ஹேண்ட்கள் கிடைக்கும் என்று கேளுங்கள். பயிற்சியாளருக்கோ படிப்புக் குழுவுக்கோ எப்போதாவது அனுப்பிய ஜிப் ஃபைல்கள் மின்னஞ்சலில் கிடக்கலாம். இப்படித் துண்டு துண்டாகக் கிடைப்பதை எல்லாம் இம்போர்ட் செய்யுங்கள். ஒன்றோடொன்று மேற்பொருந்தினாலும் பரவாயில்லை, காரணம் கேள்வி 16-ல் இருக்கிறது.

19. நண்பரோட டேட்டாபேஸ் பேக்கப்பைத் தரேன்னு சொல்றார். என்னுடையதோட சேர்த்துக்கலாமா?

முதலில் தளத்தின் விதியைப் படியுங்கள். தான் ஆடாத மேசைகளின் ஹேண்ட்களைத் திரட்டிப் பயன்படுத்துவதை போக்கர்ஸ்டார்ஸ் தடை செய்திருக்கிறது, வேறு பல தளங்களும் அப்படியே. கணக்கை முடக்கும் அளவுக்கு இதைக் கடுமையாக எடுத்துக்கொள்வார்கள். மற்ற வீரர்கள் மேல் நேர்மையில்லாத சாதகம் என்பதால் இந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது.

நண்பரின் ஆட்டத்தை அவரோடு உட்கார்ந்து அலசுவதற்கு என்றால், அவருடைய பேக்கப்பைத் தனி டேட்டாபேஸாக மீட்டு, அவர் பெயர் தெரியும்படி பெயர் வையுங்கள். உங்கள் டேட்டாபேஸில் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு, அதற்குப் பின் எடுக்கும் ஒவ்வொரு பேக்கப்பிலும் அந்தக் கலப்பு தொடரும். அலசும் நேரத்தில் ஹட்டை அணைத்துவிட்டு அந்த டேட்டாபேஸைத் திறங்கள். ஆட உட்காரும் முன் உங்களுடையதற்கு மாறிவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அன்று ஆடிய ஹேண்ட்கள் எல்லாம் அவர் டேட்டாபேஸில் போய் விழும். அப்படி விழுந்தாலும் சரி செய்யலாம்: அன்றைய ஹேண்ட் ஹிஸ்டரியை உங்கள் டேட்டாபேஸில் இம்போர்ட் செய்துவிட்டு, அவருடையதை அழித்து, அவர் தந்த பேக்கப்பிலிருந்து மறுபடி மீட்டுக்கொள்ளுங்கள்.